தறையாணியும் தண்டுத் தமிழரும்

பெங்களூர் ஆஸ்டின் டவுனிலும் அதனை ஒட்டிய விவேக் நகரிலும் வாழும் தமிழ்க் கத்தோலிக்கருக்குச் 'சிலுவையில் தறையுண்ட' என்னும் தொடர் புதிதன்று. தவக்கால மன்றாட்டுகளில் அது காதில் விழுந்துகொண்டே இருக்கும். தறைதல் என்றால் ஆணியை அடித்து இறுக்குதல். இவ்வினையிலிருந்தே கலைச்சொல் ஆக்குவோர் 'தறையாணி' என்னும் சொல்லைப் படைத்தனர். ஆங்கிலத்தில் 'ரிவெட்' என வழங்கும் பொருளுக்கு அது மிகப் பொருத்தமான பெயர். ஆயினும் அதே தெருக்களிலிருந்து புறப்பட்டு வானூர்தித் தொழிற்சாலைக்குச் சென்ற தொழிலாளர் நாவில் அச்சொல் ஏறவில்லை. அவர்கள் 'ரிவிட்' என்றே சொன்னார்கள். 'ரிவிட் அடித்தல்' என்றே தம் தொழிலைக் குறித்தார்கள். கோயிலில் வாழ்ந்த வினைச்சொல் பட்டறைக்குள் நுழையாமற் போனது ஏன் என்னும் கேள்வி, ஒரு சொல்லின் வரலாற்றையும் ஒரு நகரத்துத் தொழிலின் வரலாற்றையும் ஒருசேரத் திறக்கிறது.

பெங்களூர்த் தண்டு 1809ஆம் ஆண்டு உருவானது. படைவீரர்களோடு சமையற்காரர், வண்ணார், கொத்தர், வணிகர், எழுத்தர் எனப் பல தொழிலினர் சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறினர். 1881இல் மைசூர் அரசு மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப்பகுதி 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்னும் பெயரில் பிரித்தானியர் கையிலேயே நின்றது. 1947 ஜூலையில்தான் மைசூருக்குத் திரும்பியது. அப்பகுதியின் குடியிருப்புகளுள் ஒன்றே ஆஸ்டின் டவுன். 1903 முதல் 1905 வரை மைசூரில் ரெசிடென்டாக இருந்த ஜேம்ஸ் ஆஸ்டின் போர்டிலன் என்பவரின் பெயரை அது தாங்கியது. பிற்காலத்தில் கன்னட அகராதி தந்த ஜெர்மானியர் ஃபெர்டினாண்டு கிட்டலின் நினைவாகக் கிட்டல் நகர் என்றும் பெயர் சூட்டப்பட்டது. மக்கள் வழக்கில் இன்றும் அது ஆஸ்டின் டவுனே.

இக்குடியிருப்பிலிருந்து கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் 1940 டிசம்பரில் ஒரு தொழிற்சாலை பிறந்தது. தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் அரசும் இணைந்து இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினர். திவான் மிர்சா இஸ்மாயிலின் ஆதரவால் நிலம் கிடைத்தது. அமெரிக்க வானூர்தி வணிகர் வில்லியம் பாலி எந்திரங்களையும் கருவிகளையும் வல்லுநர்களையும் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். மின்னாற்றலுக்கும் குறைவில்லை. சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902இலேயே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கியிருந்தது. 1905இல் பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது. காற்றழுத்த எந்திரங்களை இடைவிடாது ஓட்டவேண்டிய ஒரு தொழிலுக்கு இதனினும் ஏற்ற ஊர் அன்றைய இந்தியாவில் அரிது.

1941 மார்ச்சில் இந்திய அரசு பங்குதாரராகச் சேர்ந்தது. 1942இல் நிருவாகத்தையே ஏற்றுக்கொண்டது. ஹார்லோ பயிற்சி வானூர்தி 1941 ஆகஸ்டில் பறந்தது. அடுத்த ஆண்டு கர்டிஸ் ஹாக் போர் வானூர்தி பூட்டப்பட்டது. 1943இல் தொழிற்சாலை அமெரிக்க வான்படையின் பொறுப்புக்குச் சென்று, பர்மா, சீனப் போர்முனைகளில் அடிபட்ட வானூர்திகளைப் பழுதுபார்க்கும் பெரும் பணிமனையாயிற்று. நீரிலும் இறங்கும் கேட்டலினா வானூர்திகள் பெல்லந்தூர் ஏரியில் வந்திறங்கின. சம்மட்டியும் உளியும் பழகிய கைகள், ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகட்டைக் கிழிக்காமல் இணைக்கும் கலையைச் சில மாதங்களில் கற்றாகவேண்டியிருந்தது.

ஆணியடித்துத் தகடு இணைப்பது தமிழகக் கம்மியர்க்கும் கன்னார்க்கும் தெரியாத வேலையன்று. இருப்புச்சட்டியின் காதுகள் தறையாணியால்தான் நிற்கின்றன. தகரப் பெட்டியின் மூலைகளும் அவ்வாறே. பெரும் பாலங்களிலும் அதே முறைதான். 1943இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலம் திருகாணியின்றித் தறையாணிகளாலேயே கட்டப்பட்டது. ஆனால் எஃகுப் பாலத்தின் ஆணி நெருப்பில் செக்கச் செவேலெனக் காய்ச்சி அடிக்கப்படுவது. ஆறும்போது சுருங்கித் தகடுகளை நெரித்துப் பிடிப்பது. வானூர்தியின் ஆணியோ குளிர்ந்த நிலையிலேயே அடிக்கப்படுவது. அது சுருங்கி நெரிப்பதில்லை. துளை நிறையப் பருத்து, மறுபுறம் தலை விரிந்து பிடிக்கிறது. பெயர் ஒன்றாயினும் தொழில் வேறு. ஆகவே இருப்புச்சட்டி செய்தவனின் அறிவை அப்படியே வானூர்திக்குக் கொண்டுவர இயலவில்லை. அமெரிக்கப் பயிற்சியாளர் சொன்ன சொற்களோடு சேர்த்தே தொழிலும் கற்கப்பட்டது. 'ரிவிட்' நிலைத்துவிட்டதற்கு இது ஒரு காரணம்: புதிய பொருளாகவே வந்தது, புதிய பெயரோடு வந்தது.

அத்தொழிலின் முதற்பாடம் ஆணியைத் தேர்ந்தெடுப்பது. ஆணிக்குரிய குறியீட்டை இலக்கண மாணவர் ஒருவர் பார்த்தால் பகுபதம் என்றே கருதுவார். பிற்காலத்தில் பரவலான 'ஏஎன் 470 ஏடி 4-4' என்னும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். 470 என்பது தலையின் வடிவம்; 426 என்றிருந்தால் தகட்டோடு தகடாய் அமிழும் தலை. 'ஏடி' என்பது உலோகக் கலவை. அடுத்து வரும் 4 தண்டின் விட்டம்: முப்பத்திரண்டில் நான்கு பங்கு, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒன்று. கடைசி 4 நீளம்: பதினாறில் நான்கு பங்கு, அதாவது கால் அங்குலம். உறுப்புகளின் வரிசை மாறாது. ஓர் உறுப்பு மாறினால் பொருள் முற்றும் மாறும்.

அந்த எண்கள் எவ்வாறு கிடைக்கின்றன? 0.040 அங்குலத் தகடும் 0.025 அங்குலத் தகடும் இணையவேண்டும் என்று கொள்வோம். விட்டம் தடித்த தகட்டின் மும்மடங்கு என்பது விதி, 0.120 வருகிறது. அதற்கு அண்மையான அளவு எட்டில் ஒரு அங்குலம். நீளத்துக்கு, இரு தகடுகளின் மொத்தத் தடிப்பாகிய 0.065 உடன் விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டவேண்டும். 0.2525 வருகிறது, ஆகவே கால் அங்குலம். அடித்து முடித்தபின் மறுபுறத் தலை விட்டத்தின் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் கொண்டிருக்கவேண்டும். ஆணிக்கும் தகட்டின் விளிம்புக்கும் இடையே குறைந்தது இரு மடங்கு விட்டம் இடைவெளி வேண்டும். இரு ஆணிகளுக்கு இடையே குறைந்தது மும்மடங்கு. ஆணி சிறிதாயின் அறுந்துவிடும். பெரிதாயின் அதை அடிக்கும் விசையில் தகடு நெளியும்; துளைகள் தகட்டைத் தின்றுவிடும். மிகுவதும் குறைவதும் ஒரே அளவுக்குத் தீங்கு என்பதே இக்கணக்கின் சாரம்.

அடுத்தது உலோகத் தேர்வு. ஆணியின் தலையைப் பார்த்தே அதன் கலவையை அறியலாம். நடுவில் சிறு குழி இருந்தால் 'ஏடி' கலவை, எடுத்தவுடன் அடிக்கலாம். மேடாக ஒரு புள்ளி இருந்தால் அன்று 17எஸ் எனப்பட்ட கலவை. இரு சிறு கோடுகள் இருந்தால் அதனினும் வலிய 24எஸ். பின்னைய இரண்டும் விந்தையானவை. காய்ச்சிக் குளிர்நீரில் தோய்த்தவுடன் மென்மையாக இருக்கும். பின்பு அறை வெப்பத்தில் சும்மா கிடந்தே இறுகும். அலுமினியக் கலவையின் இப்பண்பை ஜெர்மானியர் ஆல்ஃபிரெட் வில்ம் 1900களின் முதற் பத்தாண்டில் கண்டறிந்தார்; அதன்வழி வந்ததே டியூராலுமின். உலோகம் இறுகுவதைத் தள்ளிப்போட வேண்டுமானால் ஆணிகளைப் பனிப்பெட்டியில் வைக்கவேண்டும். 17எஸ் ஆணியை வெளியே எடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ளும், 24எஸ் ஆணியைப் பத்து முதல் இருபது நிமிடத்துக்குள்ளும் அடித்துவிடவேண்டும். நேரம் கடந்த ஆணியை அடித்தால் தலை வெடிக்கும். பார்வைக்கு எல்லா ஆணியும் ஒன்றே. கெட்டதையும் நல்லதையும் பிரிப்பது கடிகாரம் மட்டும். எனவேதான் இவை தொழிலாளர் வழக்கில் 'ஐஸ்பெட்டி ரிவிட்' ஆயின.

கலவை பொருந்தாவிட்டால் வேறொரு தீங்கும் உண்டு. இருவேறு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டி நின்றால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. ஒன்று மற்றொன்றை அரித்துவிடுகிறது. மக்னீசியத் தகட்டுக்குத் தனி ஆணி, தலையில் கூட்டல் குறியோடு செய்யப்பட்டது இக்காரணத்தாலேயே. அலுமினிய ஜன்னல் சட்டத்தில் இரும்பு ஆணி அடித்துச் சில மழைக்காலம் கண்ட எவருக்கும் இவ்விதி விளங்கும்.

மூன்றாவது தேர்வு கருவி. கையால் சுழற்றும் துளைக்கருவி போரின் வேகத்துக்குப் போதாது. மின்சாரத் துளைக்கருவி அதற்குள் முதிர்ந்திருந்தது. ஸ்டட்கார்ட்டின் ஃபைன் நிறுவனம் 1895இல் கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஒன்றைச் செய்தது. பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1917இல் துப்பாக்கிப் பிடியும் விசையும் கொண்ட வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றது. ஆயினும் வானூர்திக் கூடங்கள் காற்றழுத்தக் கருவியையே விரும்பின. அது மின்கருவியினும் இலகு. சுமை மிகுந்து நின்றுபோனாலும் எரிந்துவிடாது. பொறி பறக்காது, எரிபொருள் ஆவி தேங்கக்கூடிய இறக்கைக்குள் அது உயிர்காக்கும் பண்பு. விசையை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுழலும்; துளையின் தொடக்கத்தில் துரப்பணம் வழுக்கி ஓடாது. எட்டில் ஒரு அங்குல ஆணிக்கு 30ஆம் எண் துரப்பணம், அதாவது 0.1285 அங்குலம், ஆணிக்கும் துளைக்கும் இடையே ஒரு தலைமயிரின் பருமனே இடைவெளி. துளையின் ஓரத்துப் பிசிறைச் சுரண்டி நீக்கவேண்டும். இரு தகடுகளுக்கு இடையே ஒரு சீவல் சிக்கினாலும் இணைப்பு உட்காராது. பின்பு தகடுகள் நழுவாதிருக்க வில்விசைப் பிடிப்பான்களைத் துளைகளில் செருகவேண்டும். விட்டத்துக்கு ஒரு வண்ணம்: எட்டில் ஒன்றுக்குச் செம்பு நிறம். இவ்வளவும் ஆனபின்பே ஆணி.

அடிப்பதற்கு இருவர் வேண்டும். ஒருவர் வெளியே காற்றழுத்தச் சம்மட்டியோடு நிற்பார். அது நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளைத் தரும். மற்றவர் உள்ளே, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வானூர்தியின் வால்பகுதிக் குகைக்குள்ளோ இறக்கையின் எலும்புகளுக்கு இடையிலோ மடங்கிக் கிடந்து, ஆணியின் வால்முனைக்கு எதிரே ஓர் எஃகுக் கட்டையைப் பிடித்திருப்பார். 'பக்கிங் பார்' என்பது அதன் பெயர். வெளியே விழும் அடியின் விசையை அக்கட்டை திருப்பித் தர, ஆணியின் வால் நசுங்கித் தலையாகிறது. கட்டை சாய்ந்தால் தலை சாயும். கட்டை விலகினால் தகடு பள்ளம் விழும்.

இருவருக்கும் இடையே தகடு, எங்கும் பேரிரைச்சல். கத்தினாலும் கேளாது. ஆகவே தட்டும் மொழி ஒன்று தொழிலில் நிலைபெற்றது. உள்ளிருப்பவர் ஒருமுறை தட்டினால் 'அடி' அல்லது 'இன்னும் அடி'. இருமுறை தட்டினால் 'சரி'. மும்முறை தட்டினால் 'கெட்டது, எடுத்துவிடு'. உலகின் வானூர்திக் கூடங்கள் பலவற்றுக்கும் பொதுவான மொழி அது. மூன்றே சொல் கொண்டது. எழுத்தில்லை, ஒலியும் பெரிதில்லை, விரலும் உள்ளங்கையும் கேட்பது. தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் மலையாளிகளும் ஆங்கிலோ-இந்தியரும் ஒரே இறக்கையின் இரு புறங்களில் நின்று வேலை செய்த பெங்களூரில் மொழிபெயர்ப்பு வேண்டாத ஒரே மொழியும் அதுவே. வெளியே நிற்பவர் எந்த மொழிக்காரராயினும், உள்ளிருப்பவரின் தீர்ப்பை ஏற்றாகவேண்டும்; ஏனெனில் உருவான தலையைப் பார்ப்பவர் உள்ளிருப்பவரே.

அத்தீர்ப்பின் பொறுப்பு எத்தகையது என்பதை இரு விபத்துகள் காட்டும். 1978இல் ஒரு ஜப்பானியப் போயிங் 747 தரையில் வால் உரசியது. பின்பக்க அழுத்தச் சுவரைப் பழுதுபார்த்தபோது, ஒரே துண்டாக இருக்கவேண்டிய இணைப்புத் தகடு இரு துண்டாக வைக்கப்பட்டது. அதனால் இரு வரிசை ஆணிகள் தாங்கவேண்டிய சுமையை ஒரு வரிசையே தாங்கியது. வெளிப்பார்வைக்கு வரிசைகள் ஒழுங்காகவே தெரிந்தன. அதன்பின் 12,000க்கும் மேற்பட்ட பறப்புகளை அது தாங்கியது. 1985 ஆகஸ்ட் 12 அன்று சுவர் பிளந்தது. 520 பேர் மாண்டனர். 1988 ஏப்ரலில் ஹவாய்த் தீவுகளின் மேலே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை பெயர்ந்து பறந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அதுவரை அவ்வானூர்தி 89,680 முறை பறந்திருந்தது. தகடுகளுக்கு இடையே இருந்த பசை விட்டுப்போக, சுமை முழுதும் ஆணித்துளைகள் மேல் விழுந்தது; ஒவ்வொரு துளையிலும் பிறந்த நுண்விரிசல்கள் ஒன்றோடொன்று கைகோத்தன. ஆணியொன்று உடைந்ததால் இவ்விபத்துகள் நேரவில்லை. வரிசையும் துளையும் சுமையும் பொருந்தாததால் நேர்ந்தன. உள்ளே மடங்கிக் கிடந்து மும்முறை தட்டத் துணிந்தவரின் அருமை இங்கே விளங்கும். எடுத்துவிடச் சொன்னால் வேலை தாமதமாகும்; மேற்பார்வையாளரின் முகம் சுருங்கும்; துளை பெரிதாகி அடுத்த அளவு ஆணி தேடவேண்டிவரும். அவ்வளவையும் அறிந்தே மூன்றாம் தட்டு விழவேண்டும்.

தேர்வின் விலையைத் தொழிலாளர் உடலும் கொடுத்தது. கொதிகலன் செய்வோர் செவிடாவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்த செய்தி. 1886இல் கிளாஸ்கோ மருத்துவர் தாமஸ் பார் நூறு கொதிகலன் தொழிலாளரைச் சோதித்தார். ஒருவருக்குக்கூட இயல்பான கேள்விப்புலன் இல்லை. 1918இல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், காற்றழுத்தச் சம்மட்டி பிடித்த கல்தச்சரின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதைப் பதிவு செய்தார். இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை பின்னர் இடம்பெற்றது. ஆயினும் இந்நோய் மெல்ல வருவது, வலிக்காதது. முதலில் மறைவது மெல்லிய உயர்ந்த ஒலிகள். தமிழில் ச, த, ப போன்ற எழுத்தொலிகளைப் பிரித்தறிய உதவும் கூர்மை அங்கேதான் இருக்கிறது. பேச்சு கேட்கும், சொல் புரியாது. வீட்டில் 'திரும்பச் சொல்' என்று கேட்கத் தொடங்குவதும், பின்பு கேட்பதையே விட்டுவிடுவதும் இந்நோயின் வழக்கமான பாதை. தட்டும் மொழியை விரலால் கேட்டவர் வாய்மொழியைக் காதால் கேட்கும் திறனை அதற்கு விலையாகக் கொடுத்தார்.

போர் முடிந்தபின் இத்திறன் என்னவாயிற்று? தொழிற்சாலை முழு உலோக இரயில் பெட்டிகளைக் கட்டத் தொடங்கியது. அப்பிரிவே 1964இல் பெமல் நிறுவனமாயிற்று. டாக்டர் வி.எம். கட்டகே வடிவமைத்த எச்டி-2 பயிற்சி வானூர்தி 1951 ஆகஸ்டில் பறந்தது. கர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் போர் வானூர்தி 1961 ஜூன் 17 அன்று பறந்தது. கிரண் 1964இல் வந்தது. அவ்வாண்டே நிறுவனம் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆயிற்று. இதற்கிடையே இரயில் பெட்டித் தொழிலில் தறையாணி தோற்றது. 1955இல் பெரம்பூரில் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை பற்றவைத்த பெட்டிகளைச் செய்தது. எஃகுக்குப் பற்றவைப்பு பொருந்தும். ஆனால் தானே இறுகிய அலுமினியக் கலவையைப் பற்றவைத்தால் வெப்பத்தில் அது தன் வலிமையை இழந்துவிடும். எனவே வானூர்தி ஆணியைக் கைவிடவில்லை.

ஆணி அடித்த கைகளுக்கு நிலையான ஊதியமும் குடியிருப்பும் பிள்ளைகளின் படிப்பும் பொதுத்துறையால் கிடைத்தன. அவையும் தாமாகக் கிடைத்தவையல்ல. பெல் எனப்படும் பாரத மிகுமின் நிறுவனத்தாருக்கு நிகரான ஊதியம் கேட்டு 1980 டிசம்பர் 26 அன்று பெங்களூரின் பொதுத்துறைத் தொழிலாளர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது 77 நாள் நீடித்து 1981 மார்ச்சில் முடிந்தது. அந்நாட்களில் தண்டுப்பகுதியின் கடன்கொடுத்த மளிகைக் கடைகளும் ஒருவகையில் போராட்டத்தில் பங்கேற்றன எனலாம். பின்பு வந்த ஆண்டுகளில் வேலை யாருக்கு என்னும் கேள்வி மொழியோடு பிணைந்தது. 1986இல் அறிக்கை தந்த சரோஜினி மகிஷி குழு, பொதுத்துறை வேலைகளில் கன்னடருக்கு முன்னுரிமை வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் தமிழர் குடியிருப்புகளைத் தாக்கியது. ஒரே இறக்கையின் இரு புறமும் நின்றவர்கள் வீதியில் இரு தரப்பாக நிறுத்தப்பட்ட காலம் அது. தகட்டின் இருபுறமும் நிலவிய நம்பிக்கையை நகரம் தனக்குரியதாக்கிக்கொள்ளவில்லை.

இன்று தேர்வுகள் மாறிவிட்டன. 2001 ஜனவரி 4 அன்று முதலில் பறந்த தேஜஸ் வானூர்தியின் உடற்கூட்டில் எடையளவில் 45 விழுக்காடு கரியிழைக் கூட்டுப்பொருள். அதனால் பிணைப்பாணிகளின் தொகை ஏறத்தாழ 10,000இலிருந்து 5,000ஆகப் பாதியாயிற்று என்பது அத்திட்டத்தார் தரும் கணக்கு. கரியிழைத் தகட்டில் அலுமினிய ஆணி அரிக்கும், டைட்டானியமே பொருந்தும். பழைய மின்கலப் பாடம் புதிய பொருளில் மீண்டும் வருகிறது.

தெருவிலோ வேறொரு மாற்றம். ஒரு புறமிருந்தே இழுத்து இறுக்கும் 'பாப் ரிவிட்' சிறு பட்டறைகளை ஆள்கிறது. 1916இல் பிரித்தானியாவில் வைலி என்பவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறையின் வழிவந்தது அது. உள்ளீடற்ற ஆணியின் நடுவே ஒரு கம்பி. கருவி கம்பியை இழுக்க, அதன் குமிழ் மறுபுறத்தை விரித்துவிட்டு அறுந்து வருகிறது. உள்ளே ஆள் வேண்டா. ஆகவே தட்டும் மொழியும் வேண்டா. ஆஸ்டின் டவுனுக்கு அருகே ஆடுகோடியில் 1950களில் எழுந்த மைக்கோ தொழிற்சாலையின் தாய்நிறுவனமான பாஷ், 1932இலேயே மின்சம்மட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று மின்கலத்தால் ஓடும் துளைக்கருவி எந்தத் தச்சர் பையிலும் உண்டு. வசதி பெரிது. ஆனால் உள்ளீடற்ற ஆணி, அதே விட்டமுள்ள திண்ணிய ஆணியின் வலிமையைப் பொதுவாகத் தருவதில்லை. கதவுக் கைப்பிடிக்கும் பெயர்ப்பலகைக்கும் அது போதும்; உயிர்ச்சுமை தாங்கும் படிக்கட்டுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் போதாது. இன்று பட்டறை வைப்போர் பழைய கூடத்திலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க பாடம் இதுவே: முதலில் சுமையைப் பார், அடுத்து உலோகத்தைப் பொருத்து, பின்பு தடிப்பைக் கணக்கிடு, கருவியை இறுதியில் எடு. கையிலிருக்கும் கருவிக்கு ஏற்ப ஆணியைத் தேர்வோர் இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றனர்.

சொல்லுக்குத் திரும்பலாம். 'தறையாணி' அகராதியில் இருக்கிறது. 'ரிவிட்' வாயில் இருக்கிறது. முன்னது பிழையற்றது, அழகியது. பின்னது பனிப்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்துக்குள் அடிக்கப்பட்டது, கைகளால் சோதிக்கப்பட்டது. கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் எழுதுவோர் மேசையில் நிகழ்கிறது. தொழிற்சொல்லோ இரைச்சலின் நடுவே நிகழ்கிறது. ஒன்றை மற்றொன்றின் பகையாகக் காணவேண்டியதில்லை. ஆனால் பட்டறைச் சொற்களைக் கொச்சை என ஒதுக்கும் அகராதி, ஒரு தலைமுறையின் அறிவையே ஒதுக்கிவிடுகிறது. பக்கிங் பார், ஐஸ்பெட்டி ரிவிட் என்னும் வழக்குகளுக்குப் பின்னே கணக்கும் வேதியியலும் உடல்வலியும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்று முதியவர்கள். பலருக்குக் கேள்விப்புலன் குன்றியிருக்கும். கேட்க வேண்டியவர் உரக்கக் கேட்கவேண்டும், பொறுமையாகவும் கேட்கவேண்டும்.

அகராதிக்காரர் ஒருவரின் பெயரைச் சூடிய குடியிருப்பு அது. கிட்டல் 1894இல் வெளியிட்ட கன்னட அகராதிக்கு ஏட்டுச் சொற்களோடு மக்கள் நாவிலிருந்தும் சொற்களைத் திரட்டினார். அவர் பெயர் தாங்கிய தெருக்களிலிருந்து வேலைக்குச் சென்றவர்களின் தொழிற்சொற்கள் மட்டும் இன்னும் எவர் ஏட்டிலும் முழுமையாக ஏறவில்லை. இருமுறை தட்டினால் 'சரி' என்று பொருள் என்பதையும் எங்கேனும் ஓர் ஏட்டில், தமிழில், எழுதி வைக்கவேண்டும்.